ஏழுமலை சிந்து யாருக்குச் சொந்தம்

1. ஆகஸ்ட்

ஆப்செட் மெஷின் ஓடும்போது யார் உள்ளே வந்தாலும் எனக்குக் கோபம் வரும். அன்று வந்தவர் மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருக்கும் கமலம்மா. வயது எழுபத்தைந்துக்கு மேல். அச்சாகி விழுந்துகொண்டிருந்த தாளில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

“தம்பி, மெஷின நிறுத்துங்க. இது எங்கப்பா எழுதனது. நான் ஒத்துக்கல.”

நிறுத்தினேன். சாம்பியன் ரீப்ஸில் பல வருஷமாக அச்சகம் நடத்துகிறவன் நான். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும்தான் பிழைப்பு. இப்படி ஒருவர் வந்து மெஷினை நிறுத்தச் சொன்னது அதுவே முதல் தடவை.

விஷயம் இதுதான். இப்போது மூடிக்கிடக்கும் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் அந்தக் காலத்தில் விபத்து நடந்தால், பாட்டுக் கட்டத் தெரிந்த தொழிலாளி அதைச் சிந்தாகப் பாடிச் சின்னப் புத்தகமாகப் போட்டுச் சம்பள நாளில் விற்பார். கமலம்மாவின் அப்பா அப்படி ஒருவர். ஏர் பிளாஸ்ட், அதாவது பாறை வெடித்துச் சரிவது, அவருடைய சொந்த மகன் ஏழுமலையையே கொண்டுபோனது. அதற்கும் சிந்து எழுதினார். பையனின் உடம்பு எந்த நிலையில் கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் மேலே வந்தது என்பது வரை அதில் இருக்கிறது. ஊரே பாடியது. தங்கை கமலம்மா பள்ளிக்கூடம் போகும்போது பின்னாலேயே பாடிக்கொண்டு வருவார்களாம். இன்று அவர்தான் ஒரே வாரிசு. மறுபதிப்புக்கு யார் கேட்டாலும் முடியாது என்றே சொல்லி வந்தார்.

அந்தச் சிந்தை அச்சடிக்கக் கொடுத்தவர் பழைய தொழிலாளர் சங்கச் செயலாளர் தேவராஜ். கூப்பிட்டதும் வந்தார். எழுதியவர் செத்து அறுபது வருஷம் ஆனால் அது பொதுச்சொத்து, போன வாரம்தானே அறுபதாவது நினைவு நாளுக்குப் படத்துக்கு மாலை போட்டோம், பிறகென்ன என்றார். வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடும் பிள்ளைகளுக்கு இங்கே கீழே போனவர்கள் எப்படிச் செத்தார்கள் என்றே தெரியாது, இந்தப் புத்தகமாவது மிஞ்சட்டும் என்றும் சொன்னார். அதிலும் நியாயம் இருந்தது.

பங்காருப்பேட்டையில் தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். சட்டம் நினைவு நாளைப் பார்ப்பதில்லை, செத்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் எண்ணும், இந்த டிசம்பர் கடைசி வரை உரிமை அந்த அம்மாவுக்குத்தான் என்றார். தெரிந்தே அச்சடித்தால் பிளேட்டையும் தாளையும் போலீஸ் எடுத்துப் போகலாம், கேஸ் என் மேலும் வரும் என்றும் சொன்னார். செத்தவர்களை நினைவு நாள் வைத்தே எண்ணிப் பழகிய ஊர் எங்களுடையது. ஜனவரியைப் பற்றி யாருக்குத் தோன்றும்?

“நாலு மாசத்துக்கு இன்னாத்துக்குண்ணே இவ்ளோ பயம்? இனிமே சங்கத்து வேல ஒண்ணும் இங்க வராது,” என்றார் தேவராஜ்.

போனால் போகட்டும் என்று, அச்சான தாள்களை அவர்கள் இருவர் கண்ணெதிரிலேயே கட்டிங் மெஷினில் வைத்து நறுக்கினேன். கமலம்மா கடைசித் துண்டு விழும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

2. ஜனவரி

புது வருஷம் பிறந்ததும் தேவராஜ் திரும்பவும் வந்தார்.

“இப்ப இன்னா சொல்லப்போறீங்க?”

சட்டப்படி சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் வரச் சொல்லிவிட்டுக் கமலம்மா வீட்டுக்குப் போனேன். பக்குவமாக எடுத்துச் சொன்னால் சமாதானம் ஆகிவிடுவார் என்று நினைத்தேன். உரிமை முடிந்துவிட்டது, இனி யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று விளக்கினேன்.

“அப்போ எங்கண்ணன் செத்தத இனிமே யார் வேணா மைக்ல பாடலாமா?”

ஆமாம் என்றேன். தடுக்க வழியே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“சட்டத்துக்கு அறுபது வருசம் போதும்போல கீது தம்பி. எனக்குப் போதல.”

மறுநாள் தேவராஜிடம் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவர் வேறு அச்சகத்தில் போட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய புத்தகத்தை யாராவது கொண்டுவந்தால், எழுதியவர் செத்த வருஷத்தைக் கேளுங்கள், அதற்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருஷம் எண்ணுங்கள். கணக்கு முடிந்திருந்தால் தாராளமாக அச்சடிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் அவர் வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரித்து, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அதைச் செய்யச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.