துண்டை ஏந்தி வாங்கிய சாமை விதை

என் ஒரே மகள் சபீனா முந்தின வருஷம் ஐப்பசியில் காய்ச்சலில் மவுத்தானாள். அவள் பிழைக்கணும் என்றுதான் அழுது துஆ கேட்டேன். அது கிடைக்கவில்லை. கிடைத்தது வேறு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் மூணாங்கிளாசோடு நின்றவன். மூட்டை தூக்கித்தான் ஆரம்பித்தேன். இன்றைக்குத் தியாகதுருகத்தில் தானிய மண்டி என்றால் என் பேரைத்தான் முதலில் சொல்வார்கள். யாரிடமும் கை ஏந்தியதில்லை. மகளை யுனிவர்சிட்டியில் பிஎச்.டி. வரைக்கும் படிக்க வைத்தேன். பயிரைப் பற்றியும் மனிதரைப் பற்றியும் சேர்த்து ஒரே ஆராய்ச்சி. கல்வராயன் மலையில் வீட்டுக்கு வீடு சாமை விதையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று.

"நீ பயிர் டாக்டரா, மனுச டாக்டரா?" என்று கேலி செய்வேன்.

"ரெண்டுந்தான் அத்தா. உங்களுக்கு மட்டும் ஃபீஸ் ஜாஸ்தி" என்பாள்.

அவள் கொண்டுவந்த விதைப் பைகள் வீட்டில் இருந்தன. பத்தாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த சொந்தக்காரர்கள், கடைச் சாமை என்று நினைத்து மில்லில் தீட்டிக் கஞ்சி காய்ச்சிவிட்டார்கள். மண்டிக்காரன் வீட்டில் தானியத்தை யார் பிரித்துப் பார்ப்பது? நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

மறுவாரம் கூடப் படித்த கவிதா வந்தாள். "அந்த வெத இருந்தா அவ ஆராய்ச்சில மீதிய நான் முடிச்சு அவ பேர்லயே கொண்டாருவேங்க. இல்லன்னா அவ செஞ்சது எதுவும் நிக்காது."

நாங்கள் கஞ்சியாகக் குடித்தது அந்த விதையைத்தான். பள்ளிவாசலில் விழுந்து கேட்டேன். "யா ரப்பே, பிள்ளையை எடுத்துக்கினே. அவ உழைப்பையாவது விட்டு வை."

பணத்தோடு மலையேறினேன். மகள் விதை வாங்கிய பொன்னி வீட்டுக்குப் போனேன்.

"தின்ன சாமை வேணும்னா வெலைக்கு அள்ளிக்கினு போ பாய். வெத விக்க மாட்டோம்."

"இன்னாம்மா, எவ்ளோ வேணும் கேளு."

"நோட்ட உள்ள வை. உன் பொண்ணு முந்தானை ஏந்திக் கடனா வாங்கினா. வெதைச்சு, அறுப்புல திருப்பிக் குடுத்தா. அந்த வெததான் எங்க வூட்ல இருக்குது. நீயும் ஏந்து."

என் மகள் கை பட்ட விதை! தோள் துண்டை எடுத்து ஏந்தினேன். அழுகை நிற்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் அவரவர் விதையைத் தனித்தனியாக முடிந்து கொடுத்தார்கள்.

கவிதா முடித்துவிட்டாள். அச்சான கட்டுரையில் என் மகள் பேர்தான் முதலில் இருக்கிறது. இங்கிலீஷ் எனக்கு வாசிக்கத் தெரியாது. தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

வாங்கிய கடனுக்கு என் நிலத்தில் நானே விதைத்தேன். அறுத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பொன்னி அள்ளிப் பார்த்தாள். "உன் பொண்ணு குடுத்தது இதவுட சுத்தமா இருந்துச்சு பாய்."

அல்ஹம்துலில்லாஹ். கேட்டது கிடைக்கவில்லை என்று துஆவை விட்டுவிடாதீர்கள். நான் விட்டிருந்தால், என் பிள்ளை உழைப்பு அந்தக் கஞ்சியோடு போயிருக்கும்.