முதுகு காட்டிக் கேட்டவர்

நாற்பத்தெட்டு வயதில் முதல் எலக்ட்ரிக் கிதார் வாங்கத் திண்டுக்கல் கடையொன்றுக்குப் போயிருந்தேன். வரும் ஞாயிறு மாதா கோயில் பாடகர் குழுவில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முன்னால் நடுத்தர விலையில் மூன்று கிதார்கள். குழு நண்பர்கள் வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்றைச் சிபாரிசு செய்ததில், குழப்பம்தான் மிச்சம்.

கிதார்க் கம்பி வாங்க வந்திருந்த ஒரு கனத்த மனிதர் என் முழியைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி, ராத்திரியில் கச்சேரி என்றார். காதில் பேனா. ஒவ்வொரு கிதாரையும் பூசணிக்காய் போல இரு கையிலும் ஏந்தி எடை பார்த்தார்.

“ஏனுங்க, நின்னுட்டு வாசிப்பீங்களா, உக்காந்துட்டா?”

“ஒளிஞ்சுக்கிட்டுத்தான் வாசிப்பேன்.”

அவர் சிரிக்கவில்லை. “மூணுலயும் ஒரே பாட்டை வாசிங்க. நான் பாக்க மாட்டேனுங்க” என்று சொல்லி, கடைக்காரரையும் வாசலுக்குக் கூட்டிப்போய், எனக்கு முதுகு காட்டி நின்றார். மூன்றிலும் ஒரே மாதா பாட்டை வாசித்தேன்.

“மூணாவதை எடுத்துக்கோங்க” என்றார், திரும்பாமலே.

“அதுலதான் சத்தம் நல்லாருக்கா?”

“சத்தம் மூணுலயும் ஒண்ணுதானுங்க. மொத ரெண்டுல தப்பு வந்ததும் நிறுத்திப்போட்டீங்க. இதுல தப்போடவே முடிச்சீங்க.”

ஞாயிறன்றும் தப்போடுதான் முடித்தேன். அவரை அப்புறம் பார்க்கவில்லை. இன்றும் கிதாரை எடுத்தால், பங்குச் சாமியார் உட்பட எல்லோரும் எனக்கு முதுகு காட்டி நிற்பதாக நினைத்துக்கொள்கிறேன்.