மழைக்கணக்கில் மறைந்த மூச்சு

இலங்கை மலையகத்தில், கினிகத்தேனைக்கும் பொல்பிட்டியவுக்கும் இடையிலுள்ள சிறுதோட்டக்காரர்களிடம் பச்சைத் தேயிலைக் கொழுந்து வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்புவது அன்ஸாரின் தொழில். இலண்டனில் தமையனுடன் இருந்த காலத்தில் அன்ஸாரின் நுரையீரல்கள் இறுகிப்போயின. 1997இல், இறந்துபோன யாரோ ஒருவரின் இரு நுரையீரல்களையும் அங்கே அவருக்குப் பொருத்தினார்கள். நான்கு ஆண்டுகளில் ஊர் திரும்பியவர், மருந்துப் பொதியோடு கையடக்கமான ஊதுகருவி ஒன்றையும் கொண்டுவந்தார். முதல் வினாடியில் எவ்வளவு காற்றை ஊதித்தள்ள முடிகிறது என்பதை அது லீற்றரில் காட்டும். காலைதோறும் மூன்று முறை ஊதி, அவற்றில் ஆகக் கூடியதை அவர் கொப்பியில் எழுதுவார்.

2005 மே மாதம் வரை அந்த எண் 2.8ஐ விட்டு அசையவில்லை. மழை தொடங்கிய வாரத்தில் 2.66 ஆனது. ஈரக்காற்றின் வேலை என்று அன்ஸார் முடிவுசெய்தார். நனைந்த கொழுந்தை நிறுக்கும்போது தூறலுக்கு இருபதில் ஒரு பங்கும் அடைமழைக்குப் பத்தில் ஒரு பங்கும் தண்ணீருக்காகக் கழிப்பது அவர் வழக்கம். அதே விகிதத்தைத் தம் மூச்சோடு கூட்டி எழுதி, அந்த நாளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். எண் மறுபடி 2.8ஐ ஒட்டி வந்தது. செப்டெம்பரில் இலண்டன் மருத்துவமனைக்கு அந்தக் கணக்கே போனது. நல்ல செய்தி என்று பதில் வந்தது.

தை மாதம் வானம் வெளுத்தது. கூட்டுவதற்கு மழை இல்லை. கருவி 2.38 என்றது.

"மெசின் பழுதாப் போச்சு," என்றார் அன்ஸார்.

"எங்க, தாங்க பாப்பம்," என்று மனைவி உம்மு குல்சும் வாங்கி ஊதினாள். 2.41. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விளையாட்டாக அவள் ஊதியதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது: 2.4.

"மெசின் நல்லாத்தான் ஈக்கு," என்றவள் பக்கங்களைப் புரட்டினாள். "இதென்ன, மழ நாளைக்கெல்லாம் ஒரு புள்ளி?"

அவர் விளக்கினார். அவள் சிரித்துவிட்டாள். "கொழுந்துக்கு மழ பேஞ்சா கழிக்கிறீங்க. ஒங்கட நெஞ்சுக்கு மட்டும் கூட்டுறீங்களா?"

சிரிப்பு நீடிக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து, புள்ளி வைத்த ஒவ்வொரு நாளிலிருந்தும் கூட்டியதைக் கழித்தார்கள். 2.66, 2.58, 2.5, 2.43. எட்டு மாதங்களாக எண் சற்றும் நிற்காமல் இறங்கி வந்திருந்தது.

கொழும்பில் டொக்டர் பாலச்சந்திரன் அந்தத் திருத்திய கணக்கை நெடுநேரம் பார்த்தார். "நாள்பட்ட நிராகரிப்பு. இந்த நுரையீரல் வேறொருவருடையது எண்டதை உடம்பு இன்னும் மறக்கேல்லை. சின்னச் சின்னக் காற்றுக் குழாய்களைத் தழும்பாக்கி அடைச்சுக்கொண்டு வருது. வலியும் இராது, காய்ச்சலும் இராது."

"போனது திரும்பி வருமா, டொக்டர்?"

"வராது. இருக்கிறதைக் காப்பாற்றப் பார்ப்பம். ஊதுறதை உள்ளபடி எழுதுங்கோ."

அவர் இலண்டனோடு பேசி மருந்தை மாற்றினார். ஏப்ரலில் 2.31. ஓகஸ்டில் அடைமழை, 2.29. அன்ஸார் அதை அப்படியே எழுதினார். தோட்டங்களுக்கு ஏறிப்போவதை விட்டு, சந்தியில் தராசடியிலேயே உட்கார்ந்து கொழுந்து வாங்கினார்.

2007இல், சத்திரசிகிச்சை முடிந்து பத்தாண்டு நிறைந்த நாளில், நானா என்று அவர் கூப்பிடும் தமையன் தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன தம்பி, இப்ப எவ்வளவு?"

"ரெண்டு புள்ளி ரெண்டு ஒம்பது."

"அது நல்லதா, கெட்டதா?"

"போன வருசமும் இதுதான், நானா."