ரிசர்வில் இருந்த தலைமுடி

ராணுவத்தில் கேப்டனாக இருந்துவிட்டு, கார்கில் சண்டை முடிந்த மறுவருஷம் விருத்தாசலம் திரும்பினேன். பீங்கான் பொம்மை யூனிட் போட்டேன். ஆனாலும் அரசாங்கம் முழுசாக விடவில்லை. வெளியே வந்த அதிகாரி ஐந்து வருஷம் ரிசர்வில் இருக்க வேண்டும். சண்டை வந்தால் கூப்பிடுவார்கள், போயே ஆக வேண்டும். மற்ற அதிகாரிகளுக்கு அது தொல்லை. என் தலைமுடியைக் காப்பாற்றியதே அதுதான்.

நான் உயிரோடு திரும்பினால் எனக்கு மொட்டை அடிப்பதாக மணவாளநல்லூர் முருகனிடம் என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்புவரை முடி வைத்திருப்பவள் அவள். அதைக் கொடுக்க வேண்டியதுதானே?

"அடையாள அட்டையில முடியோட இருக்கேன். கூப்பிடறப்ப மொட்டையா போனா கேம்ப் கேட்டுலயே நிறுத்திடுவான்" என்றேன். நம்பினாள். ஐந்து வருஷம் ஓடியது.

ரிசர்வு முடியப் போகிற நேரத்தில், விரும்பினால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கலாம் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். தேவையில்லை என்று பதில் வந்துவிட்டது.

"நான் போன மாசமே பிராது கட்டிட்டேங்க" என்று சிரித்தாள் மனைவி.

மணவாளநல்லூர் கோயிலில் குறையை முருகனுக்குப் புகாராக எழுதி, காவல் தெய்வமான முனியப்பர் முன்னால் இருக்கும் வேலில் கட்டுவார்கள். அதுதான் பிராது. என்னை விட்டுவிட வேண்டும் என்று இவள் இந்திய அரசாங்கத்தின் மேலேயே கட்டியிருக்கிறாள்!

மொட்டை அடித்தார்கள். மறுநாள் யூனிட்டில் பொம்மைக்குப் பளபளக்க கிளேஸ் பூசும் பெண் என் தலையையே பார்த்தாள்.

"சார், பூச்சு நல்லா வந்திருக்குது. சூளையில ஏத்திடலாமா?"

மொத்த யூனிட்டும் சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே உடைக்க நிறையச் சாமான் இருந்தது. எல்லாம் என் காசு என்பதால் விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் ஆகியும் முன்பக்கம் முடி வரவில்லை. நானும் பிராது கட்டக் கிளம்பினேன். கோயிலில் போய் உட்கார்ந்தால் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டிருக்கிறேன்.

"குடுங்க, நான் எழுதறேன். யாரு மேல?" என்றாள் கூட வந்த மனைவி.

"உன் மேலதான்."

"அப்ப எங்கப்பா பேரும் போடணும். பொறந்த ஊரு மங்கலம்பேட்டைன்னு எழுதவா, நம்ம வூட்டு அட்ரஸ் எழுதவா?"

இரண்டையும் எழுதினாள். வேல் உயரத்தில் இருந்ததால் கட்டியது மட்டும் நான். முருகன் இன்னும் விசாரிக்கவில்லை.