ஒரு சொட்டுத் தேனில் எவ்வளவு தண்ணீர்

மேலகரத்தில் நான் வேலை பார்க்கும் தேன் கொள்முதல் கடையில் உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருக்கிறது. அதன் கண்ணாடிக் குழியில் ஒரு சொட்டுத் தேனை விட்டுப் பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளிருந்து பாயும் ஒளி தேனில் பட்டு எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து, தண்ணீர் எத்தனை சதவீதம் என்று எண்ணாகக் காட்டிவிடும். முன்பு குழல் மாதிரி ஒன்று இருந்தது. அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். சாரல் மாதங்களில் வெளிச்சத்துக்கு எங்கே போவது? இருபதுக்கு மேல் காட்டும் தேன் புளித்துப்போகும், நாங்கள் எடுப்பதில்லை. முடியாது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதுவே சொல்லிவிடும். எனக்கு அது வசதி.

போன வருஷம் வைகாசி விசாகம் கழிந்த கையோடு, பண்பொழியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் கேனில் தேன் கொண்டுவந்தார்கள். தோப்பில் தேனீப் பெட்டி வைத்தது அந்த அம்மாளின் ஆசை. கணவருக்கு அதில் பிடித்தமில்லை.

“இந்தத் தடவ விக்கலன்னா பெட்டியத் தூக்கிருவேன்னு இவிய சொல்லிட்டாவ, அண்ணாச்சி” என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் கேன் மூடியை விடவில்லை.

ஒரு சொட்டு விட்டேன். இருபத்து மூன்று.

கணவர்தான் குனிந்து, “சாரக்காத்து ஈரம் பட்டிருக்கும். தொடச்சிட்டு இன்னொரு தடவ பாருங்க” என்றார். பெட்டியைத் தூக்குவேன் என்றவர் இப்படிக் கேட்டது எனக்கு விநோதமாக இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதே எண்தான்.

தேனீக்கள் சிறகால் விசிறி ஈரத்தை வற்றவைத்த பிறகுதான் அடையை மெழுகால் மூடும். “மூடுறதுக்கு முன்னாடியே அறுத்துட்டியளா?” என்று கேட்டேன்.

கணவர் தெருவைப் பார்த்தார். “விசாகத்துக்கு நம்ம பெட்டித் தேனாலதான் முருகனுக்கு அபிஷேகம்னு நேந்துக்கிட்டேன். இவ பொறுக்கச் சொன்னா. நாந்தான் கேக்காம அறுத்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கொள்முதல் செய்பவனுக்கு ஆகாத கோபம். நேர்ந்துகொண்டது இவர், அறுத்தது இவர், பெட்டி மட்டும் அந்த அம்மாளுடையது போக வேண்டுமா? கண்ணாடியை மறுபடியும் துடைத்தேன்.

அந்த அம்மாள் கேனை இறுக மூடி இடுப்பில் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தாமல் கணவரிடம் சொன்னார்.

“பெட்டி அங்கனயே இருக்கட்டும். அடுத்த விசாகத்துக்கு முருகனுக்குக் கடையில தேன் வாங்கிக் குடுங்க.”

கணவர் கேனை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, மனைவிக்குப் பின்னால் நடந்தார்.