அசல் மாதிரியே

சுபாஷ் பாடினால் செழியனுக்கு வயிறு எரியும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரியும். மேடைக்குப் பின்னால் போய் ஒரு சோடா குடித்தால்தான் கொஞ்சம் அடங்கும்.

கள்ளக்குறிச்சியில் அரங்கநாதன் நடத்தும் கச்சேரிக் குழுவில் செழியன் இருபது வருஷமாகப் பாடுகிறார். சினிமாப் பாட்டுதான். யார் பாடிய பாட்டாக இருந்தாலும் அந்தக் குரல், அந்த மூச்சு, அந்தக் குழைவு எல்லாம் அப்படியே வரும். பாடி இறங்கியதும் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "இன்னா வாய்ஸுங்க! அசல் அவரே பாடுன மாதிரி இருந்துச்சி." செழியன் இரண்டு கையையும் கூப்பி, தலையைச் சாய்த்து, "எல்லாம் உங்க ஆசீர்வாதம்ங்க" என்பார். அந்த ஒரு பாராட்டுக்காகத்தான் மனிதர் மேடை மேடையாக ஏறிக்கொண்டிருந்தார். அதில் தப்பும் இல்லை.

அப்புறம்தான் சுபாஷ் வந்து சேர்ந்தான்.

அவன் அப்பா பூமாலையும் அம்மா கொளஞ்சியம்மாளும் சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்கள். பையன் பத்தாவதோடு பெங்களூர் போய், பாட்டுக் கச்சேரி நடக்கும் ஒரு ஓட்டலில் மேசை துடைத்தான். அங்கே ராக் அண்ட் ரோல் பாடுவார்கள். துடைக்கிற துணியோடு மேசையில் தாளம் தட்டித் தட்டியே அதைப் பிடித்துக்கொண்டானாம். பெங்களூர் போன மற்ற பையன்கள் பைக் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இவன் ஒரு பழைய கிதாரோடு வந்தான். அதிலும் ஒரு கம்பி இல்லை.

அரங்கநாதன் அவனைச் சேர்த்தது கிதார் வாசிக்க. பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஒருநாள் திருநாவலூரில் கீபோர்டு மக்கர் பண்ணியது. சரி செய்கிற வரைக்கும் எதையாவது வாசிடா என்றார். அவன் பாடிவிட்டான். அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்ட பாட்டு.

"கரும்பு லாரி முன்னால போவுதே,
கட்டிக்கப் போறவ காத்துக்கினு இருக்காளே,
ஆரனு அடிச்சாலும் வழி வுட மாட்டானே,
அவ மனசு மாறங்காட்டி போய்ச் சேரணுமே!"

ஆலைக்குப் போகும் கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாதவர் இந்த ஜில்லாவில் உண்டா? கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. 'ஆரனு' என்ற இடத்தில் அவன் குரல் உடைந்து கீச்சென்று மேலே ஓடும். அது சுருதி விலகல் என்று செழியன் குழுவில் எல்லோரிடமும் சொன்னார். ஜனங்கள் அந்த இடத்தில்தான் எழுந்து ஆடினார்கள்.

கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ போன் போனாகச் சுற்றியது. கச்சேரி பேச வருகிறவர்கள் எடுத்த எடுப்பில், "லாரிப் பாட்டுக்காரன் வருவானா?" என்று கேட்டார்கள். அவனும் விடாமல் எழுதினான். டவுன் பஸ்ஸுக்கு ஒன்று, ரேஷன் கடை வரிசைக்கு ஒன்று, மரவள்ளிக் கிழங்குக்கு ஒன்று. கிழங்குக்கு எவனாவது கிதார் வாசிப்பானா?

ஒருநாள் வீட்டில் நிர்மலா பாத்திரம் கழுவிக்கொண்டே 'ஆரனு' என்று கீச்சிட்டாள். கட்டிய மனைவி!

"உனக்கும் அந்தப் பாட்டுதானா?" என்று பாய்ந்தார் செழியன்.

"இன்னாத்துக்குக் கத்துறீங்க? வாயில தானா வருது."

செழியன் பாடியதும் அவள் வாயில் வந்ததுண்டு. ஆனால் அதெல்லாம் சினிமாக்காரர்களின் பாட்டு. அதை நினைத்ததும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் மலைமேல் கரியாலூரில் நடக்கும் கோடை விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கச்சேரியின் கடைசிப் பாட்டு எப்போதும் செழியனுடையது. இந்த முறை அது சுபாஷுக்கு என்று அரங்கநாதன் சொல்லிவிட்டார். போஸ்டரில் சுபாஷ் மூஞ்சி மட்டும் பெரிதாக இருந்தது. செழியன் 'மற்றும் குழுவினர்' ஆகிப் போனார்.

ஆனால் விழா அன்று காலையில் பையன் அருவியில் ஆசை தீரக் குளித்தான். மத்தியானம் தொண்டை அடைத்துக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது.

"அய்யோ பாவம், சுக்குக் காப்பி குடி தம்பி" என்றார் செழியன். உள்ளுக்குள் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

அரங்கநாதன் ஓடி வந்தார். "செழியா, நீதான்பா காப்பாத்தணும். அந்தப் பாட்டு இல்லன்னா ஜனம் வுடாது."

செழியன் ஒரு கணம்தான் யோசித்தார். சரி, பாடுகிறேன். ஆனால் என் குரலில் பாடுகிறேன். சுத்தமாக, சுருதி பிசகாமல் பாடி, அந்தப் பாட்டை அவனிடமிருந்து வாங்கிவிடுகிறேன். நாளையிலிருந்து அது செழியன் பாட்டு.

மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். வந்தது சுபாஷ் குரல்.

அதே கரகரப்பு. வரிக்கு வரி அவன் மூச்சு விடும் அதே இடம். 'ஆரனு' வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தார். குரல் அதுவாக உடைந்து கீச்சென்று மேலே ஓடியது. கூட்டம் எழுந்து, "சுபாஷு! சுபாஷு!" என்று கத்தியது. அடுத்த சரணத்திலாவது தன் குரலைப் பிடித்துவிடலாம் என்று தேடினார். அது எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் பாடிய ஒவ்வொரு பாட்டையும் அவருக்கு முன்னால் வேறு யாரோ பாடியிருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. கைதட்டல் ஓயவே இல்லை. செழியன் வேர்த்து வழிய மேடையை விட்டு இறங்கினார். கீழே போர்வையைச் சுற்றிக்கொண்டு சுபாஷ் நின்றான். கண்ணெல்லாம் தண்ணீர். செழியனின் கையைப் பிடித்துக்கொண்டு, வராத குரலில் சொன்னான்:

"அண்ணே, அசல் நானே பாடுன மாதிரி இருந்துச்சிண்ணே."

அவனை அறைந்திருக்கலாம். கையை உதறிவிட்டாவது போயிருக்கலாம். ஆனால் இருபது வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது. செழியனின் கைகள் தாமாகவே கூப்பிக்கொண்டன, தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம்ங்க" என்றார், அந்தப் பையனைப் பார்த்து.