அரப்பு விழுந்த கண்

எனக்கு அறுபது வயசு தாண்டிவிட்டது. போன மாதம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது வலது கண்ணில், எண்ணெய் போகத் தலையில் தேய்த்த அரப்புத்தூள் விழுந்துவிட்டது. எரிச்சலில் அந்தக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டு சொம்பைத் தேடினால், எல்லாம் ஒரே இருட்டு.

"ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்களா?" என்று கத்தினேன்.

"லைட்டு எரியுதே புள்ள!" என்றார் வெளியே இருந்த என் வீட்டுக்காரர்.

மறுநாளே ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டரிடம் ஓடினோம். கண்ணுக்குள் பிரஷர் ஏறி, இடது கண் பார்வை வலியே இல்லாமல் போய்விட்டதாம். இனித் திரும்பாதாம். வலது கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதால் எனக்குத் தெரியவில்லை. அதையாவது காப்பாற்றச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்.

இப்போது காலையில் காலண்டரில் தேதி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். வீட்டுக்காரரையும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி அந்தத் தேதியைப் படிக்கச் சொல்கிறேன்.

"பயந்தாங்கொள்ளி" என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும், படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.